வெப்சைட் எங்கே இருக்கிறது? ஓலைப்பெட்டியும் தூண்டில் நரம்பும் வைத்து ஒரு விளக்கம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில், சனி ஞாயிறு மாலைகளில் ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாள் கணக்கு நோட்டை மூடச் சொல்லிவிட்டு அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "வெப்சைட் வெப்சைட்னு சொல்றோமே, அது எங்க இருக்கு?"

"போனுக்குள்ள இருக்குக்கா" என்றான் ஒருவன். "இல்ல, டவர்ல" என்றான் இன்னொருவன். "கூகுள்ல" என்று இரண்டு மூன்று பேர். நாலாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி விரலை நீட்டி வானத்தைக் காட்டினாள். கிளவுட் என்றால் மேகம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் காட்டியது நிஜமான மேகத்தை.

பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோரிடமும் அதையே கேட்டேன். பதில்கள் பெரிதாக மாறவில்லை. அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. 'நெட் போச்சு', 'சர்வர் டவுன்', 'சைட் ஓப்பன் ஆகல' என்று மூன்று வேறு வேறு பழுதுகளை நாம் ஒரே பொருளில் சொல்லிப் பழகிவிட்டோம். ரேஷன் அட்டை, பட்டா, தேர்வு முடிவு எல்லாமே இப்போது வெப்சைட் வழியாகத்தான் வருகின்றன. எது எங்கே இருக்கிறது, எது பழுதானது என்று தெரியாதவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிள்ளைகளாவது அப்படி உட்காரக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அதற்காக நாங்கள் விளையாடிய விளையாட்டுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கம்ப்யூட்டர் வேண்டும். மற்றவற்றுக்குக் காகிதம், ஓலைப்பெட்டி, தூண்டில் நரம்பு, ஒரு டார்ச் இருந்தால் போதும்.

நாம் போகிறோமா, அது வருகிறதா?

குழப்பத்தின் வேர் நம் பேச்சிலேயே இருக்கிறது. வலைத்தளம் என்ற சொல்லில் உள்ள 'தளம்' ஒரு இடத்தைச் சொல்கிறது. 'அந்த சைட்டுக்குப் போ', 'உள்ளே நுழை', 'வெளியே வா' என்கிறோம். கேட்கிற குழந்தைக்கு அது ஒரு வீடு மாதிரி, கதவு வைத்த இடம் மாதிரித் தோன்றுவதில் வியப்பில்லை.

நாம் எங்கேயும் போவதில்லை. எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கும் ஒரு பக்கத்தைக் கேட்கிறோம். அதன் நகல் ஒன்று நம் போனுக்கு வருகிறது. அவ்வளவுதான்.

'நகல்' என்ற சொல்லைப் பிள்ளைகள் மனதில் ஊன்ற ஜெராக்ஸ் கடையைச் சொன்னேன். ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்தால் அட்டை குறைந்துவிடுகிறதா? பத்துப் பேர் எடுத்தாலும் அட்டை அப்படியே இருக்கிறது, காகிதம்தான் பத்தாகிறது. மளிகைக் கடை உதாரணம் இதற்கு ஒத்துவராது. கடையில் ஒரு சோப்பு வாங்கினால் அங்கே ஒரு சோப்பு குறையும். வெப்சைட்டை லட்சம் பேர் கேட்டாலும் அதில் ஒரு எழுத்துக்கூடக் குறையாது. இந்த வேறுபாட்டை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரும் எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன.

சீட்டு எழுது, ஓடு, நகல் கொண்டு வா

முதல் விளையாட்டுக்கு மூன்று பேர். ஒருத்தி அட்டையில் ஜன்னல் வெட்டி, அதைப் போன் மாதிரிப் பிடித்துக்கொள்வாள். அவள்தான் உலாவி. நாம் பிரவுசர் என்று சொல்வது இதைத்தான்: பக்கத்தைக் கேட்டு வாங்கி, நமக்குக் காட்டும் செயலி. குரோம், பயர்பாக்ஸ் எல்லாம் இந்த வகை. கூகுள் என்பது தேடித் தரும் வெப்சைட், குரோம் என்பது உலாவி. இரண்டையும் பெரியவர்களும் ஒன்றாக நினைப்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

இன்னொருவன் தூரத்து வேப்பமரத்தடியில் ஓலைப்பெட்டியோடு உட்காருவான். பெட்டிக்குள் 'மீன்கள்', 'படகுகள்', 'எங்கள் ஊர்' என்று பிள்ளைகளே எழுதி வரைந்த தாள்கள் இருக்கும். அவன்தான் சர்வர், தமிழில் வழங்கி. யார் எப்போது கேட்டாலும் பக்கத்தின் நகலை எடுத்துக் கொடுப்பதற்காகவே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் அது. மூன்றாவது ஆள் ஓட்டக்காரன்.

உலாவி சீட்டில் 'மீன்கள் பக்கம் வேண்டும்' என்று எழுதித் தருவாள். ஓட்டக்காரன் ஓடுவான். சர்வர் பெட்டியைத் திறந்து அந்தத் தாளைப் பார்த்து இன்னொரு தாளில் நகல் எழுதிக் கொடுப்பான். மூலத்தைக் கொடுக்கவே கூடாது. ஓட்டக்காரன் திரும்பி வந்ததும் உலாவி அதை ஜன்னலில் வைத்துக் காட்டுவாள்.

இரண்டு சுற்று போனதும் ஒரு சிறுமி வேண்டுமென்றே 'யானை பக்கம் வேண்டும்' என்று எழுதினாள். பெட்டியில் யானை இல்லை. சர்வர் முழித்தான். அவன் கையில் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, அதில் 404 என்று எழுதி அனுப்பச் சொன்னேன். 'நீ கேட்டது புரிந்தது, ஆனால் அந்தப் பெயரில் என்னிடம் பக்கம் இல்லை' என்பதற்கு உலகம் முழுக்க சர்வர்கள் சொல்லும் எண் அது. அதன் பிறகு அரை மணி நேரத்துக்கு எல்லாரும் இல்லாத பக்கங்களையே கேட்டார்கள். நானும் தடுக்கவில்லை. 404 வந்தால் நெட் நன்றாக வேலை செய்கிறது, சர்வரும் விழித்திருக்கிறது, பக்கம் மட்டும்தான் இல்லை என்பது அந்த அரை மணியில் அவர்களுக்குத் தானாகவே விளங்கிவிட்டது.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு உண்மைக் கதை சொல்வேன். டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தார். 1989-இல் இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். 1991-இல் உலகின் முதல் வெப்சைட் எல்லாருக்கும் திறந்தது. அந்த வெப்சைட் இருந்தது அவர் மேசை மேலிருந்த ஒரு கம்ப்யூட்டரில். யாராவது தெரியாமல் அணைத்துவிட்டால் உலகத்தின் ஒரே வெப்சைட் போய்விடும். அதனால் 'இது ஒரு சர்வர், அணைத்துவிடாதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார்கள். கதையைக் கேட்டதிலிருந்து எங்கள் ஓலைப்பெட்டியிலும் அப்படி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது.

கிளவுட் என்பதும் இதே கதைதான். மேகத்தில் ஒன்றும் இல்லை. சென்னை, மும்பை போன்ற ஊர்களில் பெரிய கட்டடங்களுக்குள், குளிர்சாதனத்துக்கு நடுவில் வரிசை வரிசையாக அடுக்கி வைத்த கம்ப்யூட்டர்கள் அவை. வானத்தைக் காட்டிய சிறுமிக்கு இதைக் கேட்டுக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இதுவரை வந்ததை ஒருமுறை பார்த்துவிடலாம். வெப்சைட் என்பது சர்வரில் எழுதி வைத்த பக்கங்கள். உலாவி கேட்கும், சர்வர் நகல் கொடுக்கும். கேட்காமல் எந்தப் பக்கமும் வராது.

'சர்வர் டவுன்' ஆவது எப்படி?

இதை விளக்கவே வேண்டாம், விளையாடினால் போதும். ஒரே ஒரு சர்வர். பதினைந்து பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சீட்டு எழுதி ஓட வேண்டும். பத்து விநாடியில் வேப்பமரத்தடியில் தள்ளுமுள்ளு. சர்வர் பையன் நாலு நகல் எழுதினான். ஐந்தாவதில் கை வலித்து, பெட்டியை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் காலையில் நடப்பது இதுதான். லட்சக்கணக்கான வீடுகளிலிருந்து ஒரே நிமிடத்தில் சீட்டுகள் போய் விழுகின்றன. அப்போது உங்கள் போனிலோ டவரிலோ எந்தக் குறையும் இருக்காது. மற்ற சைட்கள் திறக்கும், அது மட்டும் திறக்காது. திரும்பத் திரும்ப அழுத்தினால் சீட்டு இன்னும் கூடும், நெரிசலும் கூடும்.

"அப்ப என்னக்கா செய்யறது?" என்று கேட்டார்கள். நீங்களே சொல்லுங்கள் என்றேன். ஏலக்கூடத்தில் பார்த்துப் பழகியவர்கள் ஆயிற்றே. ஒரே ஆள் எடை போட்டால் கூட்டம் நிற்கும், மூன்று தராசு வைத்தால் நகரும் என்றான் ஒருவன். அதே தாள்களின் நகலோடு இன்னும் இரண்டு ஓலைப்பெட்டிகளை வைத்தோம். நெரிசல் கலைந்துவிட்டது. பெரிய வெப்சைட்கள் ஒரே பக்கத்தைப் பல சர்வர்களில் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

படகுக்குப் பெயர் ஒன்று, எண் ஒன்று

இது எங்கள் கரைக்கே உரிய உதாரணம். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

ஒவ்வொரு படகுக்கும் இரண்டு அடையாளம் உண்டு. ஊரார் சொல்வது பெயர்: அன்னை மரியாள், முருகன் துணை, அல் அமீன். மீன்வளத்துறைக் கணக்கில் இருப்பது பதிவு எண். கரையில் நின்று யாரும் எண்ணைச் சொல்லி விசாரிப்பதில்லை, பெயரைத்தான் சொல்கிறோம். ஆனால் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் இடத்தில் எண்தான் பேசும்.

கம்ப்யூட்டர்களுக்கும் அப்படித்தான். இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐ.பி. முகவரி என்று ஒரு எண் உண்டு. பழைய முறையில் அது நான்கு எண்கள் சேர்ந்தது, ஒவ்வொன்றும் 0 முதல் 255-க்குள் இருக்கும். மனிதர்களால் அதை நினைவில் வைக்க முடியாது. அதனால் வெப்சைட்டுக்குப் பெயர் வைக்கிறோம். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர்.

விளையாட்டில் இதற்கு ஒரு ஆளைச் சேர்த்தோம். விவரமான ஒரு சிறுமி கையில் நோட்டு. ஒரு பக்கம் பெயர், எதிரே எண். மூன்று மரத்தடிகளுக்கும் எண் எழுதி மாட்டியாயிற்று. ஓட்டக்காரன் 'மீன்கடை' என்ற பெயரோடு முதலில் இவளிடம் வர வேண்டும். அவள் "27" என்பாள். அப்புறம்தான் 27-ஆம் எண் மரத்துக்கு ஓடலாம். நோட்டை ஒளித்து வைத்துவிட்டால் மூன்று சர்வர்களும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எந்த மரம் என்று ஓட்டக்காரனுக்குத் தெரியாதே!

1983-க்கு முன்னால் உண்மையிலேயே இப்படி ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. அமெரிக்காவில் ஒரு நிலையம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகியதும் ஒரு பட்டியலால் சமாளிக்க முடியவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார். இப்போது உலகம் முழுக்கப் பல நோட்டுகள் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இந்தப் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளும் உண்டு. இதைச் சொன்னதும் பிள்ளைகள் தங்கள் பெயரில் முகவரி எழுதிப் பார்த்தார்கள்.

பாலம் வேறு, அதன்மேல் போகும் பேருந்து வேறு

இணையமும் வெப்சைட்டும் ஒன்று என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பாம்பன் சாலைப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் பேருந்து போகிறது, ஐஸ் பெட்டி ஏற்றிய மீன் லாரி போகிறது, ஆம்புலன்ஸ் போகிறது. பாலம்தான் இணையம்: உலகத்தின் கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று கோக்கும் கம்பிகளும் அலைகளும். வெப் என்பது அதன்மேல் போகும் ஒரு வகை வண்டி. வாட்ஸாப் செய்தி இன்னொரு வகை. மின்னஞ்சல் மற்றொன்று. பாலம் முதலில் வந்தது. கலிபோர்னியாவில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு முதல் செய்தி போனது 1969-இல். வெப் பிறக்க அதன் பிறகு 20 ஆண்டுகள் ஆயின.

இந்தப் பாலத்தில் பக்கங்கள் முழுசாகப் போவதில்லை. துண்டு துண்டாகப் போகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் பொட்டலம் என்று பெயர். அனுப்பியவர் எண், சேர வேண்டியவர் எண், எத்தனையாவது துண்டு என்ற எண், மூன்றும் அதன்மேல் எழுதியிருக்கும்.

ஒரு பெரிய சுறாப் படத்தை எட்டாக வெட்டினோம். பின்பக்கம் 1 முதல் 8 வரை எண் போட்டோம். ஓட்டக்காரர்கள் நான்கு பேர். இரண்டு வழி: கிணற்றடி வழி, கோயில் வழி. யார் எந்த வழியில் வேண்டுமானாலும் போகலாம். நடுவில் "கிணற்றடி வழி மூடியாச்சு" என்று கத்தினேன். போனவர்கள் திரும்பி மற்ற வழியில் ஓடினார்கள். துண்டுகள் 3, 1, 7 என்று வரிசை தப்பித்தான் வந்தன. எண் இருந்ததால் அடுக்கிவிட்டார்கள். 5-ஆம் துண்டு வரவே இல்லை. கச்சான் காற்று அதை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. உடனே உலாவிச் சிறுமி, நான் சொல்லாமலே, '5 மறுபடி வேண்டும்' என்று சீட்டு எழுதினாள். நிஜத்திலும் கம்ப்யூட்டர்கள் அப்படியேதான் கேட்டு வாங்குகின்றன. வீடியோ பார்க்கும்போது நடுவில் சுற்றிக்கொண்டே இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இப்படி வந்து சேராத துண்டுகளுக்கான காத்திருப்புதான்.

வழி மாற்றிப் போவது எங்கள் பகுதி மக்களுக்குப் புதிதில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ராமேஸ்வரத்துக்குப் போக வேண்டியவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, 1988-இல் திறந்த சாலைப் பாலம் வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வழி மூடினால் வேறு வழியில் போய்ச் சேர்வது, இணையத்தின் அடிப்படை யோசனையே அதுதான்.

சரி, இதுவரை: இணையம் பாலம், வெப் அதில் போகும் ஒரு வண்டி. பெயரை எண்ணாக மாற்ற டி.என்.எஸ். பக்கம் பொட்டலங்களாகப் பிரிந்து வந்து, நம் போனில் மறுபடி ஒன்று சேரும்.

கடலுக்கு அடியில் வெளிச்சம்

வெளிநாட்டு வெப்சைட் எல்லாம் சாட்டிலைட் வழியாக வருகிறது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அப்படியில்லை. கண்டங்களுக்கு இடையே போகும் தகவலில் 95 விழுக்காட்டுக்கும் மேல் கடலடிக் கேபிள்களில் போகிறது. நம் போனிலிருந்து டவர் வரைதான் காற்றில் அலையாகப் போகிறது. அதற்கு அப்புறம் பெரும்பாலும் கேபிள்தான்.

கடல்கரைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். 2006-இல் தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் மவுண்ட் லவினியாவுக்கு, இதே மன்னார் வளைகுடா வழியாக ஒரு கேபிள் போட்டார்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள் திறக்கப்பட்டது. ஆழ்கடலில் அந்தக் கேபிளின் தடிமன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் அளவுதான். அதற்குள் முடி போன்ற கண்ணாடி இழைகள். அந்த இழைக்குள் போவது வெளிச்சம், அணைந்து எரிந்து அணைந்து எரிந்து. கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அந்த 2,300 கிலோமீட்டரையும் கடக்க ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

"நங்கூரம் பட்டா அறுந்துறாதாக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். நகரத்துப் பிள்ளை யாரும் முதல் கேள்வியாக இதைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அறுந்துவிடும். உலகம் முழுக்கக் கடலடிக் கேபிளில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு நங்கூரமும் மீன்பிடிக் கருவிகளும்தான் காரணம். அதனால்தான் கரைக்குப் பக்கத்தில் கேபிளுக்கு இரும்புக் கம்பி சுற்றிப் பாதுகாப்புக் கொடுக்கிறார்கள். அறுந்தால் கப்பலில் போய்க் கேபிளைத் தூக்கி ஒட்டுவார்கள்.

வளைந்த இழைக்குள் வெளிச்சம் எப்படி வளைந்து போகும்? இருட்டிய பிறகு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில், அடிக்குச் சற்று மேலே சிறு ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, ஓட்டைக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். தண்ணீர் வளைந்து விழும் தாரைக்குள்ளேயே வெளிச்சமும் வளைந்து வரும். தாரையின் கீழ் உள்ளங்கையை வைத்தால் கையில் வெளிச்சப் பொட்டு விழும். தண்ணீரின் ஓரத்தில் பட்டுப் பட்டு உள்ளேயே திரும்புவதால் வெளிச்சம் வெளியே சிதறாமல் வருகிறது. கண்ணாடி இழையிலும் அதே வித்தைதான். அன்று ஒரு குடம் தண்ணீர் தீரும்வரை ஒவ்வொருவரும் கையை நீட்டிப் பார்த்தார்கள்.

கத்துகிற தலைப்பு, மெதுவான பத்தி

பக்கம் எப்படி எழுதப்படுகிறது என்பது அடுத்தது. எச்.டி.எம்.எல். என்பது பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று குறித்துக் காட்டும் எழுத்துமுறை. குறிகள் பெரும்பாலும் ஜோடியாக வரும்: ஒன்று தொடக்கம், ஒன்று முடிவு. அந்தக் குறிக்கு டேக் என்று பெயர்.

பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு சொல் எழுதிய அட்டை கொடுத்தேன். 'எங்கள்' 'ஊர்' 'மண்டபம்' 'இங்கே' 'நண்டு' 'நிறைய' 'கிடைக்கும்'. 'தலைப்பு தொடக்கம்' என்ற அட்டையோடு ஒருவன் 'எங்கள்' என்பதற்கு முன் நின்றான். 'தலைப்பு முடிவு' அட்டையோடு ஒருத்தி 'ஊர்' என்பதற்குப் பின் நின்றாள். விதி ஒன்றுதான்: இவர்கள் இருவருக்கும் நடுவில் இருப்பவர்கள் தங்கள் சொல்லைக் கத்த வேண்டும், மற்றவர்கள் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

"எங்கள்! ஊர்!" என்று இரண்டு பேர் கத்தினார்கள். மற்றவர்கள் மெல்லச் சொன்னார்கள். இப்போது 'தலைப்பு முடிவு' சிறுமியை மட்டும் வரிசையிலிருந்து வெளியே வரச் சொன்னேன். கத்தலை நிறுத்த ஆள் இல்லை. "எங்கள்! ஊர்! மண்டபம்! இங்கே! நண்டு!" என்று கடைசிவரை ஒரே கூச்சல். பக்கத்து வீட்டு அப்பத்தா என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார். முடிவுக் குறியை மறந்தால் நிஜ உலாவியிலும் இதுதான் நடக்கும், தலைப்புக்குப் பின் வருவதும் பெரிய தடித்த எழுத்தில் வரும்.

லிங்க் எனும் இணைப்பை விளக்கத் தூண்டில் நரம்பு போதும். ஒரு தாளில் 'நண்டு' என்ற சொல்லில் ஓட்டை போட்டு நரம்பைக் கட்டி, இன்னொரு மரத்தில் மாட்டியிருக்கும் நண்டுப் பக்கத்தோடு சேர்த்தோம். பத்துத் தாள்களை இப்படிக் கட்டிய பிறகு தள்ளி நின்று பார்த்தவர்கள், வலை மாதிரி இருக்கிறது என்றார்கள். பெயர்க் காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செய்தியின் தலைப்பை நாமே மாற்றலாமா?

கம்ப்யூட்டர் வேண்டிய ஒரே விளையாட்டு இதுதான். இதை எந்தப் பெற்றோரும் தவறவிடக் கூடாது என்பேன்.

லேப்டாப்பில் குரோமில் ஒரு பக்கத்தைத் திறந்து, தலைப்பின்மேல் வலப்பக்க பொத்தானை அழுத்தினால் 'இன்ஸ்பெக்ட்' என்று வரும். அதைத் தேர்ந்தால் ஓரத்தில் அந்தப் பக்கத்தின் எச்.டி.எம்.எல். தெரியும். அதில் தலைப்பின் எழுத்துகளை இரண்டு முறை தட்டி, வேறு ஏதாவது எழுதி, என்டர் அழுத்துங்கள். வெப்சைட்டின் தலைப்பு மாறிவிடும். நான் 'நாளை எல்லாப் பள்ளிக்கும் விடுமுறை' என்று மாற்றினேன். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். ஒருவன் மட்டும் பயந்துபோனான். "அக்கா, போலீஸ் வரும்" என்றான்.

"எதை மாத்தினேன்? சர்வர்கிட்ட இருக்கிற தாளையா, நம்மகிட்ட வந்த நகலையா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஓலைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த பையன்தான் சொன்னான்: "நகலைத்தான். பெட்டி அவங்ககிட்டதான இருக்கு." பக்கத்தை மறுபடி ஏற்றினேன். பழைய தலைப்பு திரும்ப வந்தது.

நகல் என்ற சொல் அன்றுதான் முழுசாக உள்ளே இறங்கியது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. அந்த மாற்றிய தலைப்பை நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தால், பார்ப்பவருக்கு அது அந்த வெப்சைட்டே சொன்ன மாதிரித்தான் தெரியும். வாட்ஸாப்பில் வரும் விடுமுறைச் செய்திகளைப் பார்த்து ஏமாந்த பிள்ளைகள் அவர்கள். எட்டு வயதில் இதைக் கண்ணால் பார்த்த குழந்தை ஸ்கிரீன்ஷாட்டைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது. பெரியவர்கள் பலருக்கே இது தெரியாது என்பது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம்.

பூட்டுப் படம் எதைச் சொல்கிறது?

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படமோ எச்.டி.டி.பி.எஸ். என்ற எழுத்துகளோ இருந்தால் பாதுகாப்பான வெப்சைட் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பாதி உண்மைதான். சீட்டை விரித்துப் பிடித்து ஓடினால் வழியில் நிற்பவர் எல்லாரும் படிக்கலாம். பூட்டிய டப்பாவில் போட்டு ஓடினால், இரு முனையில் இருப்பவர்கள் மட்டுமே திறக்க முடியும். பூட்டு சொல்வது அவ்வளவுதான். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அதற்குத் தெரியாது. ஏமாற்றுக்காரனும் தன் டப்பாவுக்குப் பூட்டு வாங்கலாம். ஆகவே வங்கிப் பெயரில் வந்த லிங்கைத் தட்டும் முன், பூட்டைப் பார்ப்பதோடு பெயரையும் எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். படகுப் பெயரில் ஒரு எழுத்து மாறினாலே அது வேறு படகு என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும்.

அழித்தால் போய்விடுமா?

கடைசி விளையாட்டை ஒரு சிறுமியின் கேள்விக்காகச் செய்தோம். போட்டோவைப் போட்டுவிட்டு டெலீட் செய்தால் போய்விடுமா என்று கேட்டாள்.

அவளை ஒரு மீன் படம் வரையச் சொல்லி, கேட்ட இரண்டு பேருக்கு நகல் வரைந்து கொடுக்கச் சொன்னேன். அவர்கள் ஆளுக்கு இரண்டு பேருக்கு வரைந்து கொடுத்தார்கள். இப்போது அவள் தன் தாளைக் கிழித்துவிட்டாள். "எத்தனை மீன் மிச்சம்?" எண்ணினார்கள். ஆறு. கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். தன் மீனைத் திருப்பிக் கேட்டாள். நாலு பேர் கொடுத்தார்கள். ஒருவன் வீட்டுக்குப் போய்விட்டான். இன்னொருத்தி, அழகாக வந்திருக்கிறது, தர மாட்டேன் என்றாள்.

இவற்றை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் ஒரு மாலைக்கு ஒரு விளையாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். ஓலைப்பெட்டியில் தொடங்குங்கள். லேப்டாப் விளையாட்டை மூன்றாவது வாரத்துக்கு முன்னால் எடுக்காதீர்கள், நகல் என்பது கையால் எழுதிப் பழகிய பிறகுதான் அது புரியும். சர்வர் வேலையை எல்லாரும் ஒருமுறையாவது செய்ய வேண்டும். கச்சான் அடிக்கும் மாதங்களில் வெளியே விளையாடுவதாக இருந்தால், தாள்களின்மேல் வைக்க ஒரு கூடைச் சிப்பியை முதல் நாளே பொறுக்கி வைத்துவிடுங்கள்.